தனிஸ்லாசுக்கு வார்டு பார்த்துக் கொடுத்தவர்

1936-ஆம் ஆண்டில் வில்லியனூரில் வைத்தியப் படிப்பு முடித்தவன் ஒருவன். அவன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் ஊரில் மற்ற எல்லாரும். இந்த இரண்டாவது இனத்துக்கு யோசனைக்காரர் என்று பெயர். நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பந்தியிலும், பாடை கட்டும் இடத்திலும், யாரும் கேட்காமலே “நான் சொல்றதக் கேளு” என்று தொடங்குவார்.

கரும்பு விவசாயி ஆதிமூலம் அந்த இனத்தில் முதல் தரம். பக்கத்துத் தெரு அன்னாமேரியின் மகன் தனிஸ்லாஸ், புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் எந்த வார்டில் பழகப்போகிறான் என்று திங்கட்கிழமை நேரில் போய்ச் சொல்ல வேண்டும். முந்தி வருகிறவனுக்கே கேட்ட வார்டு. பழகிய வார்டுதான் ஆயுசுக்கும் தொழில். செய்தி காதில் விழுந்ததும் ஆதிமூலம் ஆள்கட்டோடு அன்னாமேரி வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

“ஆப்பரேசன் கத்துக்கடா தம்பி. அதுலதான் பேரு.”

அவருக்குக் குடலிறக்கம் என்பது ஊரறிந்த சங்கதி. கூட வந்தவர்களில், கண்ணில் பூ விழுந்த பவுல்ராஜ் கண் வார்டு என்றார். குழந்தைவேல் நெஞ்சு வார்டுக்காக இரைக்க இரைக்கப் பேசினார். தனக்கு வலிக்கும் இடத்தைத்தானே மனிதன் பிறத்தியார் பிள்ளைக்குச் சிபாரிசு செய்வான்?

“எனக்குப் பிரசவ வார்டு, மாமா. அக்காவ பாகூர்லேர்ந்து வண்டியில கொண்டாரும்போதே போயிட்டா. புள்ள பொறக்கவே இல்ல.”

செத்தவளுக்கு யோசனை சொல்ல வழியில்லை. யோசனைக்காரருக்கு அது பெரிய பட்டினி.

“சரி, அதுவே எடு. ஆனா திங்கக்கெழம ஏழரை ஒம்போது ராகுகாலம். கழிச்சிக் கெளம்பு. என் வண்டியில கொண்டுபோய் வுடறன்.”

“எங்களுக்கு ஏதுங்க ராகுகாலம்?” என்றாள் அன்னாமேரி.

“ஒங்க கோயிலுக்கு இல்லாம இருக்கலாம்மா. ரோட்டுக்கு உண்டு.”

“எட்டு மணிக்கே அங்க நிக்கணும், மாமா.”

“ஆஸ்பத்திரி இன்னா ஓடியா பூடும்?”

பெரியவர் பேச்சைத் தட்டக்கூடாது என்று வளர்ந்த பிள்ளை, பாவம், காத்திருந்தான். ராகுகாலம் கழிந்து வண்டி கிளம்பியது. எதிரே வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, ஒருவனுக்கு எரு விஷயத்திலும் இன்னொருவனுக்குப் பெண் கொடுக்கிற விஷயத்திலும் யோசனை சொல்லி, பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தது. பிரசவ வார்டைக் காரைக்கால் பையன் ஒருவன் காலையிலேயே வாங்கிவிட்டான். ஆப்பரேசன், கண், நெஞ்சு எல்லாம் போயாயிற்று. மிச்சம், ஊர் ஊராகப் போய் அம்மை குத்தும் வேலை.

திரும்பும் வழியில் தனிஸ்லாஸ் ரோட்டோரப் பனைகளை எண்ணிக்கொண்டு வந்தான். ஆதிமூலம் வாயைத் திறந்தார்.

“அதுவும் நல்லதுதான்டா. நானே சொல்லலாம்னு இருந்தன்.”

‘இந்தப் பையன் ஞாயிற்றுக்கிழமையே பட்டணம் போய்த் தங்கியிருக்கலாமே’ என்று உங்களுக்கு அப்போதே தோன்றியிருக்குமே? தோன்றியதா? வாருங்கள், ஆதிமூலம் சற்று நகர்ந்து உங்களுக்கு இடம் விடுவார்.

அடுத்த புதன்கிழமை தனிஸ்லாஸ் முதன்முதலாக அம்மை குத்த வந்தது வில்லியனூருக்கு. முதலில் கையை நீட்ட வேண்டிய ஆதிமூலம் விடியுமுன்பே திருபுவனைக்குப் போய்விட்டார்.