டுரியான் மரத்தில் கட்டிய வின்ச்

எனக்கு அழகாக எழுத வராது. தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு சரி. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் எவ்வளவு பெரிய மக்கு என்பது மட்டும் மறக்கவில்லை. (மறக்க விட்டால்தானே!)

பாலிக் புலாவ் மலையில் எங்களுக்குச் சின்ன டுரியான் தோட்டம் உண்டு. பாதை முழுக்கச் சேறு. அதனால் என் வீட்டுக்காரர் பழைய ஃபோர் வீல் வண்டி ஒன்று வாங்கி, முன்னால் வின்ச் மாட்டக் கிளம்பினார். வண்டி சேற்றில் சிக்கினால், வின்சின் கம்பிக் கயிற்றை எதிரே ஒரு மரத்தில் கட்டி மோட்டாரைப் போட வேண்டும். கயிறு சுருளச் சுருள வண்டி வெளியே வந்துவிடும்.

கடைக்காரத் தம்பி படித்துப் படித்துச் சொன்னான். “அக்கா, வண்டி எடையில ஒன்றரை மடங்கு இழுக்கிறதா வாங்குங்க. இந்தச் சின்னது சின்ன வண்டிக்குத்தான் லா.”

பெரியது பல் துருத்திய மாமியார் மாதிரி இருந்தது. சின்னதோ நல்ல சிவப்பு. வண்டியின் நிறத்துக்கு அப்படியே பொருந்தியது. “இதுதாங்க அழகா இருக்கு” என்று வீட்டுக்காரரின் காதில் ஓதினேன். (கடைக்காரனிடம் நேரே பேச வெட்கம். ரவிக்கைத் துணி எடுக்கிற அறிவோடு இரும்பு எடுத்தேன்.) அந்த மேதையும் தலையாட்டினார்.

அப்போதுதான், மூன்று வருடம் தேடி, மகள் மாலதிக்கு ஒரு வரன் கூடி வந்தது. பெண் பார்க்க வந்த பையனின் அப்பா, டுரியானை மரத்தடியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன் என்றார். எல்லோரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். பாதி மலையில் சக்கரம் புதைந்தது.

“பயப்படாதீங்க, வின்ச் இருக்கு” என்று மீசையைத் தடவினார் என் வீட்டுக்காரர்.

பையனின் பெற்றோர், பட்டில் சேறு படாமல் எதிரே ஒரு மரத்தடியில் ஒதுங்கினார்கள். இவர் அதே மரத்தில், அதுவும் தலை உயரத்துக்கு, கயிற்றைக் கட்டினார். அது டுரியான் மரம். தேங்காய் கனத்தில், உடம்பெல்லாம் முள்ளோடு பழம் தானாக விழுகிற பருவம். தோட்டக்காரருக்கு இது தெரியாதா? தெரியும், சம்பந்தி முன்னால் வீரம் காட்டும்போது தெரியாது. எனக்கும் தெரிந்தது. புது மனிதர்கள் முன்னால் எப்படி வாய் திறப்பது என்று முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றேன்.

சிவப்பழகி முனகினாள். வண்டி அசையவில்லை, மரம் அசைந்தது. உச்சியில் ‘சரக்’ என்றது.

“மேல பாருங்க!” என்று மலையே அதிரக் கத்தினேன். அன்று அவர்களிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

டுரியான் விழும்போது ஓடச் சொல்ல வேண்டும். அவர்களோ நல்ல பிள்ளைகளாக முகத்தை நிமிர்த்தி மேலே பார்த்தார்கள்.

“அலாமாக்!” என்று பையன் பாய்ந்து இருவரையும் தள்ளினான். மூவரும் சேற்றில், பழம் அப்பாவின் கால் கட்டைவிரலில்.

மாலதி ஓடிப்போய் அந்த அம்மாவைத் தூக்கினாள். அவர் என்னை முறைத்தார். “பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா வாயால சொல்லலாமே?”

“வாயால சொன்னதாலதாம்மா இந்த வினையே” என்றான் பையன். மாலதி சிரித்துவிட்டாள். வரன் போச்சு என்று நான் அழுதேன்.

அப்பா விரலைப் பிடித்தபடி, “முதல்ல அந்தப் பழத்தைப் பொளங்கப்பா. அடி வாங்கினவனுக்குத்தான் முதல் சுளை” என்றார்.

கட்டுப்போட்ட காலோடு அவர் நிச்சயதார்த்தத் தட்டு மாற்றினார்.

இன்றும் சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடிக்கு வந்தால், சம்பந்தி வீட்டார் காரிலிருந்து இறங்குமுன் அண்ணாந்து பார்ப்பார்கள். அங்கே மரமே கிடையாது. பேத்தி பாலர் பள்ளி வாசலிலும் அப்படித்தான் இறங்குகிறாள். டீச்சர் ஏன் என்று கேட்டாராம். “எங்க குடும்பத்துல இப்படித்தான்” என்றாளாம்.

அடிபட்டது இடது விரலா, வலது விரலா என்று இப்போது நினைவில்லை. யாராவது சம்பந்தியிடம் கேட்டுச் சரிபாருங்கள். எனக்கு நேரில் கேட்க வெட்கமாக இருக்கிறது.