பூட்டிக் கிடந்த நிரல்

யாழ்ப்பாணத்தில் அடுத்த வீட்டுக் கதையை அறிய விரும்பாத ஒரே மனிதர் நான் வேலை செய்யும் கந்தோரில்தான் இருந்தார். அவரைத் ‘திறப்புக்காரர்’ என்போம். கையில் திறப்பென்று ஒரு சாவியும் இராது, பூட்டெல்லாம் கணினிக்குள்.

எங்கள் கிளினிக்குகளின் நோயாளர், பணியாளர் விவரமெல்லாம் கிளவுட்டில் ஒரே இடத்தில் கொட்டிக் கிடக்கும். ‘டேட்டா லேக்’ என்றார்கள்; எனக்கு அது குளம். யார் எந்தப் படியில் இறங்கலாம், எவ்வளவு அள்ளலாம் என்று விதிப்பவர் இவர். வரும் நோயாளருக்கு நம்பர் கொடுக்கும் எனக்குப் பெயரும் நேரமும் தெரியும். பக்கத்தில் மேலிருந்து கீழாக நோய் எழுதிய நிரல் தெரியாது. நீர்வேலிக் கிளினிக்குக்கு மருதனார்மடத்துக் கிளினிக்கின் ஆட்களே தெரியார்.

மனேச்சரின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கவென்று கணக்குப் பகுதி மிஸ் அவரிடம் திகதி கேட்டார்.

“நாளும் மாதமும் திறந்துவிடுறன் மிஸ். வருசம் உங்களுக்கேன்?”

“அப்ப மெழுகுதிரி எத்தினை வைக்கிறது?”

“ஒண்டு வையுங்கோ. மனேச்சர் ஒராள்தானே.”

பிறகு என் மகளை மனேச்சரின் அண்ணன் மகனுக்குக் கலியாணம் பேசினோம். அவள் முன்பு வலிப்புக்கு எங்கள் கிளினிக்கில் மருந்து எடுத்தவள். பெடியனிடம் தானே தன் வாயால் சொல்லவேண்டும் என்று பிடிவாதமாய் நின்றாள். ஞாயிறு இருவரும் சந்திக்க இருந்தார்கள். அதற்கு முதலே மனேச்சர் திறப்புக்காரரின் மேசைக்கு வந்துவிட்டார். பக்கத்து மேசையில் நான், பிள்ளையாரப்பா என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“அந்தப் பிள்ளை இங்கை மருந்து எடுத்ததாம். என்ன வருத்தமெண்டு பாக்கவேணும், திறந்துவிடும்.”

“எத்தினை பேர் வந்தவை எண்டு பாருங்கோ சேர். ஆருக்கு என்ன எண்டது உங்கடை வேலைக்குத் தேவையில்லை.”

“அப்ப நீர் பாத்துச் சொல்லும்!”

“எனக்கும் பூட்டித்தான் வைச்சிருக்கிறன்.”

“உம்மை வீட்டை அனுப்புவன்!”

“அனுப்புங்கோ சேர். அனுப்பினாலும் உது திறவாது.”

“விசரன்!” என்று மனேச்சர் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார். திறப்புக்காரர் எழுந்துபோய், கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

ஞாயிறு மகள் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். “உதுக்கே அழுதனீர்? மருந்தை மறக்காமல் போடும்” என்றாராம் மருமகன். ஆவணியில் கலியாணம் ஒப்பேறியது.

“உங்கடை பேரிலை ஒரு அருச்சனை செய்யப்போறன் தம்பி. என்ன நட்சத்திரம்?” என்று திறப்புக்காரரிடம் கேட்டேன்.

“பேர் காணும் அண்ணை, நட்சத்திரம் ஏன்?” என்றுவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிவிட்டார்.

இப்போது அவர் வேறு கந்தோரில். வெள்ளிக்கிழமைகளில் நான் கோயில் ஐயரிடம் அந்தப் பேரை மட்டும் சொல்கிறேன். மற்ற நிரலெல்லாம் பிள்ளையாருக்குத் திறந்துதானே கிடக்கிறது.