மருமகனின் மொட்டைத் தலை

“மருமகன் உம்ரா போயிட்டு வந்திருக்காரு. ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லலையே காக்கா,” என்றார் பக்கத்து வீட்டு காஜா நவாஸ்.

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஜெய்னுலாபுதீன் நிமிர்ந்தார்.

“யாரு சொன்னா?”

“என் கண்ணு சொல்லுது. பத்து நாளா ஆளைக் காணோம். இன்னைக்கு உங்க மாடியில துணி காயப்போடுறாரு, மழுமழுன்னு மொட்டை. உம்ரா முடிச்சாத்தானே இப்படி மழிப்பாங்க.”

மருமகன் ஹசன் அலி சென்னைக்குப் போய் வந்தது தெரியும். மொட்டை தெரியாது. ஜெய்னுலாபுதீனின் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக யாரும் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி, குற்றம் குறைக்கு மன்னிப்புக் கேட்காமல் மக்காவுக்குப் புறப்பட்டதில்லை. ஆனால் தன் வீட்டிலிருக்கும் தலை தனக்கே தெரியாமல் மொட்டையானது என்று சொல்வது அதைவிடக் கேவலம்.

“திடீர்னு அமைஞ்ச பயணம்,” என்றார்.

கீழக்கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். ஏழு வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசியது பெருநாள் வாழ்த்து மட்டும்தான். மாமனார் முன்னால் ஹசன் அலி தொப்பியைக் கழற்றியதுமில்லை. எனவே ஜெய்னுலாபுதீன் மூத்த மகள் சூஃபியாவைக் கூப்பிட்டார்.

“மாப்பிள்ளை தலையில என்ன?”

“ஒட்டு வாப்பா.”

சூஃபியா சென்னையில் மருத்துவக் கருவி செய்யும் ஒரு கம்பெனிக்கு மாடி அறையிலிருந்தே வேலை பார்ப்பவள்.

“மூளையில கேன்சர் கட்டி இருக்குறவங்களுக்குத் தலைய மழிச்சு நாலு ஒட்டு ஒட்டி, அது வழியா மின்புலம் குடுப்பாங்க. கட்டி வளர்ற வேகத்தைக் குறைக்கப் பாக்கும். நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் போட்டிருக்கணும். தோலு அரிச்சுப் புண்ணாயி, சில பேரு தாங்க மாட்டாம கழட்டிருவாங்க. அரிக்காத ஒட்டு பண்றதுதான் என் வேலை. இவருக்கு இப்பத்தான் ஒட்டுனதுல கரண்டு கிடையாது. நம்ம உப்புக்காத்துலயும் வேர்வையிலயும் தோலு தாங்குதான்னு பாக்குறோம். கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு.”

இத்தனையில் ஜெய்னுலாபுதீன் காதில் விழுந்தது ஒரு சொல்தான்.

“மறைக்காம சொல்லு. மாப்பிள்ளைக்கு என்ன நோவு?”

“ஒண்ணுமில்ல வாப்பா.”

“ஒண்ணுமில்லாதவரு தலையில யாராச்சும் ஒட்டுவாங்களா?”

“நான் ஒட்டுனேன்.”

அவர் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை பனைக்குளத்திலிருந்து இளையவள் சஃபாவைப் பார்க்க வருகிறார்கள். மூன்று இடம் தட்டிப்போன பிறகு வந்த சம்பந்தம். சஃபாவுக்கும் போட்டோவில் பையனைப் பிடித்துவிட்டது. வீட்டில் அந்த நோவு என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் கார் பாதி வழியில் திரும்பிவிடும்.

“கேட்டா உம்ரான்னு சொல்லுங்க,” என்று உத்தரவு போட்டார்.

புதன்கிழமை காஜா நவாஸ் காலி பாட்டிலோடு வந்தார்.

“மக்காவுலேருந்து கொண்டாந்த ஜம்ஜம் தண்ணி கொஞ்சம் குடுங்க காக்கா. வீட்ல அவளுக்கு முட்டுவலி.”

கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொடுக்க ஜெய்னுலாபுதீனின் ஈமான் இடம் கொடுக்கவில்லை.

“கேன் ஏர்போர்ட்டுலயே தங்கிருச்சு.”

“மதுரையிலயா? என் மச்சினன் அங்கனதான் வேலை பாக்குறான். டிக்கெட்ட குடுங்க, நானே போயி எடுத்துட்டு வாரேன்.”

டிக்கெட் தேட உள்ளே போன ஜெய்னுலாபுதீன், அந்தி மஃரிப் பாங்கு சொல்லும்வரை தேடிக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை காஜா நவாஸ் மறுபடி வாசலுக்கு வந்தபோது வேறு வழியில்லை.

“உம்ரா இல்ல, காஜா. வெளிய சொல்லிராத. பேன்.”

மாலைக்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளைத் தெருவோடு நிறுத்திப் பேன் பார்த்தார்கள். சஃபாவின் தோழி ஒருத்தி மஞ்சள் பொடியும் வேப்பெண்ணெயும் கொடுத்தனுப்பினாள். சஃபா அழுதாள்.

“அந்த ஒட்டைப் பிச்சுப் போடு,” என்றார் ஜெய்னுலாபுதீன் சூஃபியாவிடம்.

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் எடுக்கக் கூடாது. எடுத்தா பாத்ததெல்லாம் வீணு.”

வெள்ளிக்கிழமை ஹசன் அலியை ஒரு தட்டு பிரியாணியோடு மாடி அறையில் விட்டு, கதவை வெளியே பூட்டினார்.

பையனின் தாயார் உம்மு ஹபீபா, துப்பட்டியால் தலையை நெற்றிவரை மூடியிருந்தார். சஃபாவைப் பார்த்து, பெயரைக் கேட்டு, கன்னத்தைத் தொட்டுவிட்டு உடனே, “மூத்த மக எங்கன?” என்றார்.

ஜெய்னுலாபுதீனுக்குச் சுருக்கென்றது. துப்பறிய வந்திருக்கிறார்கள்.

“சமையக்கட்டுல.”

“அவ மாப்பிள்ளை?”

“வெளியூரு.”

தலைக்கு மேலே யாரோ தும்மினார்கள்.

“மாடியில யாரு?”

“பூனை.”

“சளி புடிச்ச பூனையா?” என்று எழுந்த உம்மு ஹபீபா மாடிப்படி ஏறினார். வயதுக்கு மீறிய வேகம். ஜெய்னுலாபுதீன் சாவியோடு பின்னால் ஓடி, “அங்கன ஒரே தூசி” என்றார். அந்த அம்மா சாவிக்குக் கையை நீட்டினார். பெண் கேட்டு வந்த சம்பந்தியைச் சாவியைப் பிடுங்கவிடும் வழக்கமும் அந்தக் குடும்பத்தில் இல்லை. திறந்தார்.

ஹசன் அலி வெறுந்தலையோடு தட்டின் முன் உட்கார்ந்திருந்தார். மண்டையில் நான்கு வெள்ளை ஒட்டுகள்.

“நோவு இல்ல, பேனும் இல்ல,” என்றார் ஜெய்னுலாபுதீன். நான்கு நாளில் அவர் சொன்ன முதல் உண்மை. அதை அவரே நம்பவில்லை.

உம்மு ஹபீபா குனிந்து, ஒட்டின் ஓரத்தை உற்றுப் பார்த்தார்.

“எத்தனை நாளாச்சு மாப்பிள்ளை?”

“மூணு நாளு, மாமி.”

“அரிக்குதா?”

“இல்ல.”

சூஃபியா மூச்சிரைக்க மேலே வந்தாள். உம்மு ஹபீபா அவள் கையைப் பிடித்து, தன் துப்பட்டிக்குள் கொண்டுபோனார். சூஃபியாவின் விரல்கள் எதையோ தொட்டு நின்றன. அவள் முகம் மாறியது.

“ஆறு மாசமா ஒட்டுறேன் புள்ள. தோலெல்லாம் புண்ணு,” என்றவர் ஜெய்னுலாபுதீனைத் திரும்பிப் பார்த்தார். “இதைச் சரிபண்ற புள்ள கீழக்கரையில இருக்குன்னு கேள்விப்பட்ட பொறவுதான் காக்கா, உங்களுக்கு இன்னொரு மக இருக்காளான்னே விசாரிச்சோம்.”