நேசபாய்க்கு ஒரு நெல்குத்து எந்திரம்

யேசுரத்தினம் வாங்கிய இரும்பை வண்டியிலிருந்து இறக்கத் தெருவில் பாதிப்பேர் வேண்டியிருந்தது. அவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, அது என்னவென்று அவர் மனைவி நேசபாய் கேட்டாள். கடைசல் எந்திரம் என்றார். கீரிப்பாறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பட்டறையில் ஓடியது, ரப்பர் விலை விழுந்ததால் தள்ளிவிட்டார்கள், பித்தளையை வைத்தால் வெண்ணெய் மாதிரி சீவும் என்று அடுக்கினார். குழித்துறையில் பூட்டும் தையல் மெஷினும் பழுதுபார்த்துப் பிழைக்கிற மனிதர். அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"எல்லாம் கொள்ளாம். இதை ஆரு சுத்துவா?" என்றாள் நேசபாய்.

அங்கேதான் இடித்தது. தோட்டத்தில் எண்ணெய் எஞ்சின் சுற்றியது. வீட்டில் எஞ்சினுக்கு எங்கே போவது? மின்சாரமோ குழித்துறையை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. காலால் மிதிக்க ஒரு பலகை பூட்டினார். காலைக் கவனித்தால் கை கோணியது. கையைக் கவனித்தால் கால் நின்றது. அந்தியானால் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு முனகுவார். நேசபாய் தைலம் தேய்த்துவிடுவாள்.

ஒரு நாள் தைலத்தோடு கெடுவும் வைத்தாள். அறுப்புப் பண்டிகைக்குச் சபையார் விளைந்ததையும் வளர்த்ததையும் கோயிலில் கொண்டுவைத்து ஏலம் விடுவது வழக்கம். அதற்குள் இந்த இரும்பு உருப்படியாக ஒரு வேலை செய்யாவிட்டால், மரச்சீனிக் கிழங்கோடும் சேவலோடும் இதுவும் ஏலத்துக்குப் போகும் என்றாள். சொன்னால் செய்கிறவள். போன வருஷம் ஓடாத சுவர்க்கடிகாரம் அப்படித்தான் போயிற்று.

யேசுரத்தினத்துக்குச் சோறு இறங்கவில்லை. தேங்காப்பட்டணத்து மைதீன் கனி தன் தோணிகளுக்குப் பித்தளைக் கப்பிகள் கேட்டிருந்தார். அவற்றைக் கடைந்து கொடுத்தால் எந்திரம் தப்பிக்கும். சுற்றத்தான் ஆள் இல்லை. இப்படி அவர் தவித்துக்கொண்டிருந்தபோது அடுக்களைச் சாய்ப்பில் நேசபாய் நெல் குத்துகிற சத்தம் கேட்டது. உலக்கை விழ விழச் சுவர் அதிர்ந்தது. இவ்வளவு பலமும் வெறும் நெல்லுக்கா போக வேண்டும் என்று அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

உனக்காகத்தான் என்று சொல்லி, சாய்ப்பில் ஒரு வண்டிச் சக்கரத்தை ஏற்றினார். கைப்பிடியைச் சுற்றினால் அச்சிலுள்ள கட்டை உலக்கையைத் தூக்கிவிடும். உலக்கை தானாக உரலில் விழும். நேசபாய்க்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு, சக்கரத்திலிருந்து ஒரு தோல்வார் சுவரைத் துளைத்துக்கொண்டு பட்டறைக்குள் போவதைக் கவனித்தாள்.

"இது எதுக்காக்கும்?"

"பாரம் சமமாவதுக்கு. உனக்குச் சொன்னா மனசிலாவாது."

அதன்பின் சுவருக்கு அந்தப் பக்கம் நெல் குத்தியது, இந்தப் பக்கம் பித்தளை சீவியது. யேசுரத்தினம் ஆனந்தமாகக் கீர்த்தனை பாடினார். கடைசலைத் தான் காலால் மிதிப்பதாகவே வீட்டில் சொல்லிக்கொண்டார். ஒரு நாள் சக்கரம் நின்றது, பாட்டை நிறுத்தினார். சுற்றியது, பாடினார். மறுபடி நின்றது. பாவம், களைத்துப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் போதகர் ஒரு அறிவிப்பு வாசித்தார். பண்டிகையன்று சபையார் சேர்ந்து உண்ணும் அசனத்துக்கான நெல் முழுவதையும் சகோதரர் யேசுரத்தினம் தம்முடைய எந்திரத்தில் குத்தித் தர நேர்ந்திருக்கிறார்; அவர் மனைவி வந்து சொன்னார்கள். சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கோயிலில் வாசித்த நேர்ச்சையை மறுத்தவன் ஊரில் தலைகாட்ட முடியாது. யேசுரத்தினம் மறுக்க நினைக்கவே இல்லை. அத்தனை நெல்லையும் நேசபாய் சுற்றினால் அத்தனை கப்பியும் முடிந்துவிடுமே! காணிக்கைத் தட்டில் வழக்கத்தைவிடத் தாராளமாகப் போட்டார்.

மறுநாள் மூட்டைகள் வந்தன. பெண்களும் வந்து சாய்ப்பில் பாய் விரித்து லேஸ் பின்ன உட்கார்ந்தார்கள். பட்டறையில் உளியோடு காத்திருந்தவர், வார் அசையாததைக் கண்டு எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, கைப்பிடி எங்க?"

நேசபாய் எழுந்து பட்டறைக்குள் வந்தாள். பெண்களுக்குக் கேட்காதபடி பேசினாள்.

"களத்தி வச்சிட்டேன். இத்தனை நாளா மிதிச்சியளாம், ஒரு நாளாவது தைலம் கேட்டியளா? எனக்க தோளுல்லா வலிச்சுது. நான் நின்னா உங்க பாட்டும் நிக்குது."

யேசுரத்தினம் உளியைக் கீழே வைத்தார்.

"எனக்குண்ணு ஒண்ணு செய்து தந்தாருண்ணு தெருவெல்லாம் சொல்லிட்டு நடந்தேன். சுத்தித் தாண்ணு கேட்டிருந்தா சுத்தியிருப்பேனே."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். இது நெஞ்சில் தைத்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இப்ப நான் என்ன செய்யணும்?" என்றார்.

"அங்க இருந்து இங்க இழுக்கிற வாரு, இங்க இருந்து அங்கயும் இழுக்கும். மிதியுங்க. நேர்ச்சையை முடிச்சா எந்திரம் ஏலத்துக்குப் போவாது. பொறவு கப்பிக்கு நானே சுத்தித் தாறேன்."

மிதித்தார். சுவருக்கு அப்பால் உலக்கை ஏறி இறங்கியது. பெண்கள் ஆச்சரியப்பட்டார்கள். பக்கத்து வீட்டு ராகேலுக்குத் தன் வீட்டு நெல்லையும் கொண்டுவர ஆசை வந்துவிட்டது. எஞ்சின் நன்றாக ஓடுகிறதே, மண்ணெண்ணெய் நிறையக் குடிக்குமோ என்று விசாரித்தாள்.

"மண்ணெண்ணெய் தொடாது," என்றாள் நேசபாய். "மத்தியானம் கொஞ்சம் கஞ்சிவெள்ளம் காட்டினா அந்திவரைக்கும் ஓடும்."