முந்தைய விடைக்காரர்கள்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து உட்கார்ந்து செய்த வேலை, ஒரு பொட்டல் காட்டில் பெய்த அடைமழையை நிறுத்தியதுதான்.

ஊர் நனையவில்லை. நனைந்தது அப்பாவின் கணக்கு. வானிலை அலுவலகத்தில் அவர் புள்ளிவிவரப் பிரிவு. ஆர் என்னும் கணினி மொழியில் அவர் எழுதிய நிரல், ஊர் ஊராகக் கோப்பைத் திறந்து மழைச் சராசரி போட்டுக்கொண்டே போகும். ஒரு கோப்பு கெட்டிருந்தால் பிழை என்று கத்திவிட்டு அங்கேயே படுத்துவிடும். அப்பாவுக்குப் பொறுக்குமா? ஊர் ஊராகப் போகும் அந்தச் சுற்றுக்குள் ட்ரைகேட்ச் என்னும் வலையைக் கட்டினார். பிழை வலையில் விழும். நிரல் வாயைத் திறக்காமல் அடுத்த ஊருக்கு நடக்கும்.

மென்பொருள் வேலை பார்க்கும் மகள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இங்க சொட்டு மழை கிடையாது. பட்டியல்ல மேல இருக்கிற மலை ஊரோட அளவு எப்படி இதுக்கு வந்துச்சு?"

"யோகம் அடிச்சிருக்கும்மா."

"யோகமாவது! கோப்பு திறக்கவே இல்ல. புது விடை வரல, முந்தின ஊரோட விடை அப்படியே உட்கார்ந்திருக்கு. சுத்து ஆரம்பிக்கும்போதே விடையைக் காலி பண்ணுங்க. பிழை வந்தா காலியாவே இருக்கட்டும்."

"காலியா இருந்தா பார்க்க நல்லா இருக்காதேம்மா!"

இந்த ஒரு வாக்கியம் போதும், இந்த இனத்தை அடையாளம் காண. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் நினைவுக்கு வராவிட்டால் அதற்கு முன் குடியிருந்தவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவரும் பாவம் திரும்பிப் பார்த்துவிட்டால் அதையே நிரந்தரமாக்கி, மனைவி சொன்ன காய் காதில் விழாவிட்டால் போன வாரம் வாங்கியதையே வாங்கி வந்து "நீதானே சொன்னே?" என்று சாதித்து, நண்பரின் பேரனை ஆண்டுக்கணக்கில் இரண்டாம் வகுப்பிலேயே வைத்திருப்பார்கள். பொய்யர்களா? சேச்சே. காலியிடம் மட்டும் ஆகாது.

அப்பாவுக்கு இரத்த அழுத்தம். தினமும் அளக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். கையில் சுற்றும் பட்டையில் காற்று கசிந்ததால் கருவி பிழை காட்டியது. அப்பா அசருவாரா? நினைவுப் பொத்தானை அழுத்துவார். என்றைக்கோ அளந்தது பளிச்சென்று வந்து நிற்கும்.

"இன்னைக்கு பிரஷர் எவ்வளவுப்பா?" என்று மகள் தொலைபேசியில் கேட்பாள்.

"நூத்தி இருபதுக்கு எண்பது. பாடப்புத்தகம் மாதிரி!"

"நேத்தும் அதேதானே சொன்னீங்க?"

"நிதானமான மனுஷன்ம்மா நான்."

"அப்பா, பழசைப் பார்த்துச் சொல்றீங்களா?"

"மருந்துக் கடையில புதுப் பட்டைக்குச் சொல்லி வச்சிருக்கேன். வந்ததும் வாங்கிடறேன்."

அந்த வாரமே அவர் இதயம் நின்றது. அதற்கு எந்த வலையும் கட்டியிருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போனபின் அப்பாவின் தொலைபேசி அடித்தது. மகள் எடுத்தாள்.

"மருந்துக் கடைலேருந்து பேசறேங்க. சார் கேட்ட பட்டை வந்துடுச்சு. ஆளையே காணோமே, எப்படி இருக்காரு?"

புது விடை வரவில்லை.

"நல்லா இருக்காரு" என்றாள்.

சிரிக்காதீர்கள். இன்று காலை யாரோ உங்களை எப்படி இருக்கீங்க என்று கேட்டபோது யோசிக்காமல் ஒன்று சொன்னீர்களே, அது எந்த மாதத்து விடை?

கடைக்காரர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "அப்ப சாயங்காலம் வந்து வாங்கிக்கச் சொல்லுங்க. சாருக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கேன்."