ஏழாம் அறையில் எத்தனை பேர்?

மதிப்பிற்குரிய சண்முகவேல் மாமா அவர்களுக்கு, மருமகன் மணிகண்டராஜ் வணக்கத்துடன் எழுதுவது. விருதுநகரில் நானும் அம்மாவும் நலம். அத்தையின் மூட்டுவலியும் உங்கள் தீபாவளி ஆர்டர்களும் எப்படி இருக்கின்றன? முன்னது குறையவும் பின்னது கூடவும் வேண்டுகிறேன்.

ஏழாயிரம்பண்ணையில் உங்கள் பட்டாசுக் கம்பெனிக்கு உள்ளே எத்தனை பேர் என்று காட்ட நான் செய்து கொடுத்த ஆள்கணக்கு வெப் அப்ளிகேஷனில் நடந்த தப்பு என்னுடையதுதான். ஆனால் யோசனை உங்களுடையது. "ஏலே மாப்ளே, நம்ம தொழில்ல ஒரு ரூமுக்கும் இன்னொரு ரூமுக்கும் ஒட்டே இருக்கக் கூடாதுலே. ஒண்ணு வெடிச்சாலும் அடுத்தது நிக்கணும்" என்றீர்கள். நானும் மண்டையை ஆட்டிவிட்டு வாசல், அறைகள், அதிகாரி என்று ஒவ்வொரு கம்ப்யூட்டர் திரைக்கும் தனித்தனி ஆள்கணக்கு வைத்துக் கட்டினேன். சுவருக்கு அது சரி. ஆளை எண்ணுவது பொதுவேலை. அதை ஒரே இடத்தில் வைத்து எல்லாத் திரைகளும் அங்கே கேட்டுக்கொள்ள வேண்டும். நான் ஆளுக்கொரு பிரதி கொடுத்ததால் ஒன்றில் ஏறியது மற்றதற்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை மின்னல் வெட்டியதும் சங்கு ஊதி எல்லாரையும் வெளியேறச் சொன்னீர்கள். அறைத் திரையில் மட்டும் பதிந்தவர்களை அறியாத வாசல் திரை "உள்ளே 0" என்றது. வாட்ச்மேன் சோலைச்சாமி வந்தவர்களை ஏற்றி வேனை அனுப்பிவிட்டார். கடைசியில் இருக்கும் ஏழாம் அறைக்குச் சங்கு கேட்கவே இல்லை. பொன்மணியக்காவும் இன்னும் எட்டுப் பெண்களும் மழையில் நனைந்து வாசலுக்கு வந்தால், "உள்ள யாருமே இல்லைன்னு போட்டிருக்கு, நீங்க எங்கன இருந்து வாறீக?" என்கிறார் சோலைச்சாமி. "அப்ப காலையில இருந்து சரம் பின்னுனது பேயாண்ணே?" என்று கேட்டிருக்கிறார் அக்கா.

அறைத் திரை ஒன்பது என்றது, வாசல் திரை பூஜ்யம் என்றது, ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கான திரையோ அந்த அறைக்கு அனுமதித்த நாலு பேரை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. நான் பதறிப்போய்ப் போன் போட்டால், "அதிகாரி திரையை மட்டும் தொட்டுராதலே, நீ செஞ்சதுலயே அதாம்லே உருப்படி" என்கிறீர்கள்!

தொட்டுவிட்டேன் மாமா. இனி முழுக் கம்பெனிக்கும் ஒரே கணக்கு, ஒன்பது பேர் என்றால் எங்கே பார்த்தாலும் ஒன்பதுதான். நாலு பேர் உட்காரும் அறையில் ஒன்பது பேரை அடைத்தது நான் எழுதிய பிழை இல்லை. அன்றைக்கு இடி அந்த அறையில் விழுந்திருந்தால் எந்த எண்ணைச் சொல்லித் தேடியிருப்பீர்கள்? ஐந்து பேருக்கு அனுமதி உள்ள மூணாம் அறையில் கிடக்கும் போன வருஷ இனாம் காலண்டர்களை அள்ளி வெளியே போட்டுவிட்டு, நாளைக் காலைக்குள் ஐந்து பேரை அங்கே மாற்றுங்கள். மாற்றிவிட்டால் இது நம் குடும்பத்தை விட்டு வெளியே போகாது, அதற்கு நான் பொறுப்பு.

அத்தைக்கு என் அன்பு. சீசன் நல்லபடியாக முடியட்டும், எல்லாரும் முழுசாக வீடு திரும்பட்டும்.

இப்படிக்கு,
மணிகண்டராஜ்

பி.கு.: மேலே உள்ளதை உங்கள் திரைக்கு மட்டும் அறிவிப்பாக அனுப்பினேன். ஆள்கணக்கைத் திருத்திய கையோடு அறிவிப்பையும் பொதுவாக்கியது அனுப்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. வாசல், அறைகள், அதிகாரி என்று எல்லாத் திரையிலும் கடிதம் ஓடிக்கொண்டிருக்கிறது. பொன்மணியக்கா இப்போதுதான் வாசல் போனில் பேசினார்: "தம்பி, நாங்க அஞ்சு பேரு மூணாம் ரூம் முன்னால நிக்கோம். உங்க மாமாவைச் சாவியோட வரச் சொல்லுங்க."