ஒட்டகத் தீனிக்காக அழுத பூச்சியர்

இத்தாலியின் பலேர்மோ நகரில் இருந்த தமிழர்களிலேயே பூச்சியரைப் போல வேண்டாத கவலை பட்ட மனிதர் வேறு யாரும் இல்லை. தொண்ணூறுகளில் நாங்களெல்லாம் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக்காக அழுதோம். அவர் ஒட்டகத்தின் சாப்பாட்டுக்காக அழுதார்.

ஊரில் விவசாயத் திணைக்களத்தில் பயிர்ப் பூச்சிகளைக் கவனித்த மனிதர், அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். இங்கே ஒரு விதை ஆய்வுக்கூடத்தில் நிலம் துடைத்தார். பாலைவன மேய்ச்சல் நிலங்களில் விதைப்பதற்கென்று அங்கே மூட்டை மூட்டையாக ஒட்டகத் தீனிச் செடி விதைகள் கிடந்தன. கீழே சிந்தியதைப் பொறுக்கி வந்து, போர்கோ வெக்கியோ பகுதியில் நாங்கள் ஆறு பேர் படுத்த அறையில் ஜாம் போத்தல்களில் சேர்ப்பார். ஒரு ஞாயிறு, வெந்தயம் என்று நினைத்து அதில் ஒரு கரண்டி எடுத்து மீன் குழம்புக்குத் தாளித்துவிட்டேன்.

"அறுவானே, ஒட்டகத்தின்ரை சாப்பாட்டைத் தாளிச்சுப்போட்டியே!"

"ஒட்டகம் கேட்டு வந்தா நான் பதில் சொல்லுறன் அண்ணை."

"நீ தாளிச்சது கொஞ்சம்தான். மிச்சத்தை வண்டு எப்பவோ திண்டிட்டுது!"

ஒரு விதையை பிளேட்டால் பிளந்து காட்டினார். வெளியே பளபளப்பு, உள்ளே ஒரு புழுவும் கொஞ்சம் தூளும். பூ உதிர்ந்து பிஞ்சு வைக்கும்போதே வண்டு முட்டையிட்டுவிடுமாம். "உந்த விதையை விதைச்சா மழை பெய்தும் ஒண்டும் முளைக்காது. ஆடு, ஒட்டகம் எல்லாம் பட்டினி" என்றார். எங்களுக்கோ குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

ஆய்வுக்கூடத்துப் பேராசிரியரிடம் கையாலும் காலாலும் மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். "நீ நிலத்தைத் துடை" என்று பதில் வந்தது. விதையில் பூச்சி இல்லை என்று கையெழுத்து வைத்தவரே அந்தப் பேராசிரியர்தான். நம்மவர் சும்மா இருந்தாரா? நிலம் துடைக்கிற வாளியைத் தேய்த்துக் கழுவி, ஊரில் விதைநெல்லுக்குச் செய்வதுபோல உப்புத் தண்ணீர் கரைத்து, ஒரு முழு மூட்டையை அள்ளிக் கொட்டிவிட்டார். அரைவாசிக்கு மேல் உள்ளே ஒன்றுமில்லாத பொக்காக மிதந்தது. அதைக் காட்டக் கூப்பிட்டால், பேராசிரியரின் கண்ணில் பட்டது வாளி மட்டும்தான்.

அந்த மாதம் பூச்சியரின் பெர்மெஸ்ஸோ முடிகிறது. வேலை கொடுத்தவரின் கடிதம் இல்லாமல் அதைப் புதுப்பிக்க முடியாது. ஊரில் சண்டை, திரும்பிப் போகிற பேச்சுக்கே இடமில்லை. மூட்டை கெட்டது தன் பிழை என்று இவர் ஒப்புக்கொண்டால் கடிதம் தருவதாகப் பேராசிரியர் சொன்னார். இவருடைய இத்தாலி பாஷை துடைப்பத்தைத் தாண்டாது என்பதால், மொழிபெயர்க்க நான் போனேன்.

"சொல்லு தம்பி, விதை செடியிலையே கெட்டுப்போச்சுது. மற்ற மூட்டையளும் உப்பிடித்தான். அனுப்பினா அங்கத்தைச் சனத்துக்கு ஒரு மழை வீணாப் போகும். வடிவாச் சொல்லு."

நான் வடிவாகச் சொன்னேன்: "தன் பிழைதானாம். மன்னிக்கட்டாம்."

பேராசிரியர் சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார். "பாத்தியே, விளங்கப்படுத்தினா ஆரும் கேப்பினம்" என்று பூச்சியர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வரும் வழியில் எனக்கு ஐஸ்கிரீம் வேறு வாங்கித் தந்தார்.

அடுத்த கிழமை மற்ற மூட்டைகள் எல்லாம் கப்பலேறின. வெறும் களஞ்சியத்தைத் துடைத்துவிட்டு வந்து பூச்சியர் கேட்டார்.

"நீ அண்டைக்கு அங்கை என்னடா சொன்னனி?"

உள்ளதைச் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து அழுதார்.

படித்த மனிதரை வாளிக்காரர் ஆக்கிய நாட்டில், அவரிடம் மிச்சமிருந்த ஒரே ஒரு சொல்லையும் நான்தான் விழுங்கினேன். அதன்பிறகு இரண்டு வருடம், பக்கத்துக் கட்டிலில் படுத்தும், என்னோடு அவர் கதைக்கவே இல்லை. பரவாயில்லை. விடிய எழும்பிப் பார்த்தால் ஆள் பக்கத்தில் இருந்தார், எனக்கு அது போதுமாக இருந்தது.